கமரா கேள்வி-பதில்: பனிக்குள் கறுத்துப்போகும் முகம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மெனுவல் பற்றிய கேள்விகள்தான் அதிகம். வெளிச்சத்தின் கணக்கைக் கமராவிடம் விடாமல் நாமே வைக்கும் முறை அது, கமராவில் ‘எம்’ என்று போட்டிருக்கும். அதனால் முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, சவூதியில் வேலை செய்யும் அக்கா ஒரு பழைய கெனன் கமரா வாங்கித் தந்தார். 18-55 லென்ஸ். அம்மா கொழுந்து பறிக்கும்போது பனிக்குள் கமராவின் ‘ஓட்டோ’ முறையில் எடுத்தால் முகம் கறுப்பாக விழுகிறது. ‘எம்’முக்கு மாற்றினால் ஒன்று எல்லாம் வெள்ளை, இல்லாவிட்டால் எல்லாம் இருட்டு. எம்மில் எடுக்கத் தெரியாதவன் போட்டோகிராபரே இல்லை என்று நண்பன் சொல்கிறான். எங்கிருந்து தொடங்குவது? (ஒரு வாசகர், தலவாக்கலை)

பதில்: தம்பி, நண்பர் சொன்னதை முதலில் ஒதுக்கி வையுங்கள். நானே பாதி நாள், லென்ஸின் துவார அளவை மட்டும் நாம் வைத்து ஷட்டரைக் கமராவிடம் விடும் ‘ஏவி’யில்தான் எடுக்கிறேன். ஆனால் மெனுவல் கட்டாயம் கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. அதை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள்: பனிக்குள் நிற்கும் அம்மா.

1998இல் அட்டனில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. என் அம்மா கடைசியாகக் கொழுந்து பறிக்க மலைக்குப் போன நாள் அது. தெரிந்தவர் ஒருவரிடம் ஓட்டோ கமரா ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு ஓடினேன். ரோலில் மூன்று படம்தான் மிச்சம். நெற்றியில் கூடைக் கயிறு, இடுப்பில் படங்கு, பின்னால் மலையே தெரியாத அளவுக்குப் பனி. மூன்றையும் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் பனி சாம்பல் நிறத்தில் இருக்கிறது, அம்மாவின் முகம் இருட்டாக இருக்கிறது, மூக்குத்தி மட்டும் ஒரு புள்ளியாக மின்னுகிறது. முதலாளி வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பிரின்ட் போட்டுப் பார்த்தார். முகம் சாம்பல் பூசியது போல வந்ததே தவிர, அம்மா வரவில்லை. பிலிமில் பதியாத முகத்தைப் பிரின்டில் எங்கிருந்து கொண்டுவருவது? அன்றைக்குப் பிறகுதான் வெளிச்சத்தை அளக்கும் மீற்றர் எப்படி யோசிக்கிறது என்று உட்கார்ந்து படித்தேன்.

கமராவுக்குள் இருக்கும் மீற்றருக்கு அம்மா யார், பனி எது என்று தெரியாது. தான் பார்க்கும் காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கும் என்ற ஒரே கணக்கில்தான் அது இயங்குகிறது. படத்தில் முக்கால்வாசி வெள்ளைப் பனி என்றால், வெளிச்சம் கூடிப்போனது என்று முடிவெடுத்துக் குறைத்துவிடும். வெள்ளைப் பனி சாம்பலாகும். ஏற்கெனவே பனியைவிடக் கறுப்பாக இருக்கும் நம் ஆட்களின் முகம் அதற்கும் கீழே போய்விடும். உங்கள் கமராவில் பழுது எதுவும் இல்லை. புதிய கமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்து ஓரளவு சமாளிக்கின்றன. பழைய கமராவில் நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இப்படிச் செய்யுங்கள். எம்முக்கு மாற்றி, ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 400, அப்பெர்ச்சர் (லென்ஸின் துவாரம், எண் சிறிதானால் துவாரம் பெரிது) 5.6 என்று வையுங்கள். ஏன் 5.6? உங்கள் லென்ஸ், காட்சி அகலமாகத் தெரியும் 18இல் 3.5 வரை திறக்கும், கிட்ட இழுக்கும் 55இல் 5.6க்கு மேல் திறக்காது. 3.5இல் வைத்துவிட்டு சூம் பண்ணினால் கமரா தானாகவே 5.6க்குப் போய்விடும், படம் இருட்டாகும். பழகுகிறவர்கள் எல்லோரும் இதில் மாட்டுகிறார்கள். 5.6இலேயே நிறுத்திவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து 55க்கு சூம் பண்ணி, அம்மாவுக்குப் பக்கத்தில் போய், முகமும் தலைத்துண்டும் மட்டும் தெரியும்படி பாருங்கள். வியூபைண்டருக்குள் கீழே ஒரு கோடு தெரியும், நடுவில் பூச்சியம். அந்தக் கோட்டில் நகரும் குறி பூச்சியத்துக்கு வரும்வரை ஷட்டர் வேகத்தை, அதாவது வெளிச்சம் உள்ளே விழும் நேரத்தை, மட்டும் மாற்றுங்கள். பனியுள்ள காலையில் 1/250 வினாடிக்கு அக்கம்பக்கமாக எங்கேயாவது வந்து நிற்கும். நம் நிறத்துக்குப் பூச்சியத்திலேயே பெரும்பாலும் சரியாக விழும். வெயிலில் நன்றாகக் கறுத்த முகம் என்றால் குறியை ஒரு சிறு கோடு இடப்பக்கம் தள்ளி வையுங்கள். ஒன்றிரண்டு கமராக்களில் அந்தக் கோடு வலம் இடம் மாறியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிப் பின்னால் நகர்ந்து, பனி, செடி, மலை எல்லாம் சேர எடுங்கள். குறி இப்போது ‘கூடிவிட்டது’ என்று வலப்பக்கம் ஓடும். அதைக் கவனிக்காதீர்கள், எதையும் தொடாதீர்கள். பின்னால் பனி வரும், போகும். முகத்தில் விழும் வெளிச்சம் மாறாதவரை உங்கள் கணக்கும் மாறாது. மெனுவலின் பெறுமதி இதுதான். மிஸ்ட் கலைந்து வெயில் முகத்தில் அடித்தால் மட்டும் திரும்பப் பக்கத்தில் போய் அளந்துகொள்ளுங்கள். வெயில் நிமிடத்துக்கு நிமிடம் வந்து போகும் நாளில் மெனுவலோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஏவியில் வைத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கோட்டை +1இல் விட்டுவிடுங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அம்மாவின் விரல்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் வேகத்தை 1/250 முழுதாக நிறுத்தாது, நுனி கொஞ்சம் கலங்கும். எனக்கு அந்தக் கலக்கம் பிடிக்கும். உங்களுக்கு விரல் தெளிவாக வேண்டும் என்றால் ஷட்டர் 1/500, ஐஎஸ்ஓ 800. ஷட்டரில் பாதியாகக் குறைந்த வெளிச்சத்தை ஐஎஸ்ஓவில் இரண்டு மடங்காக்கி ஈடு செய்துவிட்டோம். இந்த ஒரு கொடுக்கல் வாங்கல் பிடிபட்டால் மெனுவலில் மூன்றில் இரண்டு பங்கு பிடிபட்டது போலத்தான்.

பழகுவதற்கு மலைக்கே போக வேண்டும் என்றில்லை. லயத்து வாசல் போதும். ஒரு செம்பைக் கதவோரம் வையுங்கள். ஐஎஸ்ஓவையும் அப்பெர்ச்சரையும் அசைக்காமல் ஷட்டரை மட்டும் 1/30, 1/60, 1/125, 1/250 என்று மாற்றி நான்கு படம் எடுங்கள். ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி வெளிச்சம். ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இரண்டு நாள் ஷட்டர், இரண்டு நாள் அப்பெர்ச்சர், அப்புறம் ஐஎஸ்ஓ. நான் பென்டக்ஸ் கே1000இல் பழகிய காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதினேன். அந்தக் கொப்பியை இன்றைக்கும் எடுத்துப் பார்ப்பதுண்டு.

அம்மாவின் படம் சரியாக வந்ததும் கட்டாயம் பிரின்ட் போட்டு வீட்டில் மாட்டுங்கள். போனுக்குள்ளேயே கிடக்க விடாதீர்கள்.

கேள்வி: ஒன்பது வளைவுப் பாலத்தில் கோச்சி (ரயில்) வரும்போது எடுத்தால் கலங்கிவிடுகிறது. என்ன செட்டிங் வைக்க வேண்டும்? (ஓர் ஆசிரியை, பண்டாரவளை)

பதில்: டீச்சர், அந்த வளைவில் கோச்சி மெதுவாகத்தான் வரும், 1/500 தாராளம். நல்ல வெயில் என்றால் ஐஎஸ்ஓ 100, அப்பெர்ச்சர் 8, ஷட்டர் 1/500. மேகம் மூடினால் ஐஎஸ்ஓவை 400க்கோ 800க்கோ ஏற்றுங்கள். கோச்சி கலங்குவதற்கு ஷட்டரைவிட போகஸ்தான் பல நேரம் காரணம். சத்தம் கேட்டதும் அவசரமாக அமுக்குகிறோம், லென்ஸ் முன்னால் இருக்கும் இலையைப் பிடித்துக்கொள்கிறது. கோச்சி வருமுன்பே பாலத்தின் கைப்பிடிச் சுவரில் போகஸ் பண்ணி, லென்ஸிலுள்ள சுவிட்சை, போகஸ் தானாக மாறாத ‘எம்எஃப்’புக்குத் தள்ளிவிட்டுக் காத்திருங்கள். 1921இல் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாகக் கட்டிய பாலம் அது, அசையாது.

பிள்ளைகளைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் தண்டவாளத்தில் நிறுத்தி எடுக்க வேண்டாம். மேலே தேயிலைச் சரிவில் நின்றால் ஒன்பது வளைவும் தெரியும், படமும் அங்கிருந்துதான் அழகு.

கேள்வி: லென்ஸுக்குள் சிலந்திவலை போல ஏதோ படர்ந்திருக்கிறது. துடைத்தும் போகவில்லை. (ஒரு வாசகர், அப்புத்தளை)

பதில்: பங்கஸ் (பூஞ்சணம்) பிடித்திருக்கிறது. கண்ணாடிக்கு உள்பக்கம் இருப்பதால் நீங்கள் துடைத்துப் போகாது. தாமதிக்காமல் லென்ஸ் திருத்துகிறவரிடம் கொடுங்கள். தொடக்கம் என்றால் கழற்றிச் சுத்தம் செய்யலாம். கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் தழும்பு நிற்கும்.

நம் ஊர் ஈரத்துக்குக் கமராவைத் தோல் பையில் போட்டு அலுமாரிக்குள் பூட்டி வைப்பதைப் போலக் கெடுதல் வேறில்லை. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், இருட்டும் சேர்ந்தால் பங்கஸுக்குக் கொண்டாட்டம். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்குங்கள், உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுங்கள். நிறம் மாறும் மணிகளாக இருந்தால் நல்லது, ஈரம் குடித்து நிறம் மாறியதும் வெறும் சட்டியில் மெல்லிய நெருப்பில் காயவைத்துத் திரும்பப் போடலாம். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்வார்கள், வேண்டாம், மாவு உள்ளே போகும். வெளியே குளிரில் எடுத்துவிட்டு அடுப்பு எரியும் வீட்டுக்குள் வந்தவுடன் கமராவை வெளியே எடுக்காதீர்கள், கண்ணாடி வியர்த்துவிடும். ஒரு மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும். அதன் பிறகு எடுத்து, நன்றாகக் காய்ந்ததும் பெட்டிக்குள் வையுங்கள். சேலைத் தலைப்பாலும் துடைக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் ஒரு முறையாவது கமராவை எடுத்துப் பாவியுங்கள்.

கேள்வி: எங்கள் தேவாலயத்தில் உலகப் புகழ் பெற்ற போட்டோகிராபர் ஒருவரின் கல்லறை இருப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையா? (ஒரு மாணவி, பொகவந்தலாவை)

பதில்: உண்மைதான் தங்கச்சி. சென் மேரிஸ் தேவாலயத்தில் ஜூலியா மார்கரெட் கேமரூன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர், இங்கிலாந்தில் பெரும்புள்ளிகளின் முகங்களை எடுத்துப் பெயர் வாங்கியவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் இங்கேயே காலமானார். இங்கிருந்த மக்களையும் படமெடுத்தார். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டும். முன்னால் இருப்பவர் பல வினாடிகள் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். மீற்றர் கிடையாது. யன்னல் வெளிச்சம் முகத்தில் எப்படி விழுகிறது என்று கண்ணால் பார்த்துத்தான் எல்லாக் கணக்கும். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்படியே அங்கே நிற்கும் யாராவது ஒருவரின் முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் பாருங்கள், கமரா இல்லாமலே.

கேள்வி: மாசியில் எங்கள் தோட்டத்தில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து. இரவு முழுக்க ஆடுவார்கள். பிளாஷ் போட்டால் படம் நன்றாக இல்லை, போடாவிட்டால் கலங்குகிறது. (ஒரு வாசகர், மஸ்கெலியா)

பதில்: பிளாஷை மூடிவிடுங்கள். விரதமிருந்து ஆடுகிறவர்களின் கண்ணில் அடிப்பது சரியில்லை. அது எட்டுவதும் சில மீற்றர்தான், பின்னால் நிற்கும் சனமும் தப்பு மேளம் அடிப்பவர்களும் இருட்டில் காணாமல் போவார்கள்.

பனியில் நடந்ததற்கு நேர்மாறாக இங்கே நடக்கிறது. படத்தில் முக்கால்வாசி இருட்டு, மீற்றர் ‘வெளிச்சம் போதாது’ என்று ஷட்டரை மெதுவாக்குகிறது. மன்மதனின் சாயம் பூசிய முகம் வெளுக்கிறது, ஆட்டம் கலங்குகிறது. எம்முக்கு மாற்றுங்கள். லென்ஸை 18இல் வைத்து அப்பெர்ச்சர் 3.5, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/100. சூம் பண்ணாமல் காலால் நடந்து கிட்டப் போங்கள். 1/100 என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், டியூப் லைட்டும் சில எல்இடி பல்புகளும் வினாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். அதைவிட வேகமாக எடுத்தால் ஒரு படம் மஞ்சளாகவும் ஒரு படம் இருட்டாகவும் வரலாம், குறுக்கே பட்டையும் விழலாம். படத்தில் பொரி பொரியாகத் தெரிந்தால் தெரியட்டும், அசையாத முகம் முக்கியம்.

ஆடுகிறவர் திரும்பும்போது ஒரு கணம் நிற்பார். தப்பின் அடியைக் காதால் கேட்டுக்கொண்டே இருந்தால் அந்தக் கணம் எப்போது வரும் என்று தெரிந்துவிடும். காமனை எரிக்கும்போது மட்டும் செட்டிங்கை மாற்றுங்கள்: ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/250. நெருப்பின் வெளிச்சம் சனத்தின் முகத்தில் விழும், தீயை மட்டும் எடுக்காமல் அந்த முகங்களையும் எடுங்கள்.

கேள்வி: என்னிடம் போன் மட்டும்தான். அதில் ‘புரோ’ என்று இருப்பது மெனுவலா? (ஒரு வாசகர், பதுளை)

பதில்: கிட்டத்தட்ட. பெரும்பாலான போன்களில் அப்பெர்ச்சர் மாறாது, ஷட்டரும் ஐஎஸ்ஓவும் மட்டும் உங்கள் கையில். பனிக்குள் ஆளை எடுப்பதற்கு புரோவும் தேவையில்லை. திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள், போகஸும் வெளிச்சமும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் சூரியன் போல ஒரு குறி வந்தால் அதை மெதுவாக மேலே தள்ளுங்கள். பனி வெளுத்துப்போகும், போகட்டும். முகம் தெரிந்ததும் எடுங்கள்.