அமெரிக்கக் கால்பந்தில் (NFL) 2019 ரேம்ஸ்–செயின்ட்ஸ் ஆட்டத்தில் நடுவர்கள் செய்த தவறை வீடியோ பார்த்து ஏன் திருத்தவில்லை?

விதி இடம் தரவில்லை. 2019 ஜனவரி 20, நியூ ஆர்லியன்ஸ், ஸ்கோர் 20-20. பந்து வந்து சேருமுன்பே ரேம்ஸின் நிக்கெல் ரோபி-கோல்மன், பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அதைப் பிடிக்க வேண்டிய செயின்ட்ஸின் டாமிலீ லூயிஸ் மேல் மோதினார். ஆனால் நடுவர்கள் தவறு என அறிவிக்கும் கொடி விழவில்லை. கடைசி இரண்டு நிமிடத்தில் பயிற்சியாளர் தீர்ப்பை எதிர்த்துச் சவால் விட முடியாது. ரீப்ளே அதிகாரியும் தலையிட முடியவில்லை, காரணம் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் (பந்து வருமுன் பிடிப்பவரைத் தடுக்கும் தவறு) அப்போது ரீப்ளே பார்த்துத் திருத்தக்கூடியவற்றின் பட்டியலிலேயே இல்லை.

கொடி விழுந்திருந்தால் செயின்ட்ஸுக்குப் புதிதாக நான்கு டவுன், அதாவது பந்தை முன்னேற்ற நான்கு வாய்ப்புகள். நேரத்தைக் கரைத்துவிட்டு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு இடையே உதைத்து மூன்று புள்ளி) அடித்திருக்கலாம். கொடி விழாததால் உடனே உதைக்க வேண்டியதாயிற்று, 23-20. ஆனால் ரேம்ஸுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் மிச்சம்! சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 57 யார்டு உதையில் 26-23 என வென்றது.

அதன்பின் 2019 சீசனில் மட்டும் லீக் இத்தகைய தவறுக்கும் ரீப்ளேயை அனுமதித்தது. ஆனால் ரீப்ளே பார்த்தவர்கள் களத் தீர்ப்பை மாற்றவே தயங்கினார்கள், 2020-இல் அந்த விதியைக் கைவிட்டார்கள். விதியை அல்ல, அந்தத் தயக்கத்தைத்தான் கைவிட்டிருக்க வேண்டும்.