சின்ன டிரேடிங் கம்பெனி அனுபவத்தை ரெஸ்யூமில் போடலாமா?

தம்பி, காரைக்குடியில் ஏழு பேர் உள்ள டிரேடிங் கம்பெனியில் இரண்டு வருடம் நிஃப்டி ஆப்ஷன்ஸ் (பங்குச் சந்தைக் குறியீட்டை வைத்து நடக்கும் ஒப்பந்த வியாபாரம்) பார்த்ததை, சென்னை வங்கி வேலைக்கான ரெஸ்யூமில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடுங்கள்.

பெயர் தெரியாத கம்பெனி என்பது பெரிய குறையில்லை. தன் சொந்த மூலதனத்தில் டிரேட் செய்யும் நிறுவனம் என்று கீழே ஒரு வரி போதும். ஆள் எடுப்பவருக்கு வரும் சந்தேகம் வேறு: இது வேலையா, இல்லை டெபாசிட் கட்டிச் சொந்தக் காசில் ஆடியதா? சம்பளத்தில் வரி பிடித்திருந்தால் படிவம் 16 இருக்கும். அதையும் அனுபவச் சான்றிதழையும் இப்போதே வாங்கி வையுங்கள். கம்பெனியை மூடிவிட்டால் அப்புறம் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது.

லாபத்தை மட்டும் எழுதாதீர்கள். எவ்வளவு மூலதனத்தைக் கையாண்டீர்கள், ஒரு நாள் நஷ்ட வரம்பு என்ன, மோசமான மாதத்தில் எவ்வளவு இறங்கியது என்பதையும் சேருங்கள். நம் பக்கத்து ஆட்கள் பர்மா, மலாயாக் கடைகளிலிருந்து ஊருக்கு அனுப்பிய ஐந்தொகையில் (கடைக் கணக்குச் சுருக்கத்தில்) வரவு, பற்று இரண்டும் இருந்தன. முதலாளி நம்பியது அந்தக் கணக்கைத்தான்.

அப்புறம், என்.ஐ.எஸ்.எம். (செபி அமைத்த பங்குச் சந்தைப் பயிற்சி நிறுவனம்) நடத்தும் ஈக்விட்டி டெரிவேடிவ்ஸ் தேர்வை, அதாவது ஆப்ஷன்ஸ் போன்ற ஒப்பந்தங்கள் பற்றிய தேர்வை, எழுதிவிடுங்கள். சான்றிதழ் 3 வருடம் செல்லும்.