ஜெபமாலையை பீரோவுலேருந்து வெளிய எடுங்க

அன்புள்ள அக்கா,

நான் ரங்கூன்லதான் பொறந்தேன், கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணமாகி 4 வருஷம் ஆச்சு, வீட்டுக்காரர் குடும்பம் பெந்தெகொஸ்தே சபை. நல்லவங்கதான், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா மாமியார் என் ஜெபமாலையைப் பார்த்துட்டு "இனி இதெல்லாம் எதுக்கும்மா, உள்ள வச்சிரு"ன்னாங்க, பீரோவுக்குள்ள வச்சிட்டேன். சபையில எல்லாரும் அந்நியபாஷையில, அதாவது ஆவி தர்றதா நம்பற புரியாத மொழியில ஜெபிக்கறாங்க, எனக்கு இன்னி வரைக்கும் வரல. ஆவியின் அபிஷேகம் இன்னும் கிடைக்கலன்னு எனக்காகத் தனியா ஜெபம் பண்றாங்க, அந்த நேரம் எனக்கு அழுகையா வருது. கீழ்வீட்டு பர்மாக்கார அக்கா தினமும் தியானம் உக்காருவாங்க. ஒருநாள் நானும் அவங்க பக்கத்துல கண்ணை மூடி உக்காந்தேன், இயேசுவைத்தான் நினைச்சேன், ரொம்ப நாள் கழிச்சு மனசு அடங்குச்சு. இதை வீட்டுல சொல்ல பயமா இருக்கு. "நானே வழி"ன்னு அவர் ஒரே வழியைத்தானே சொன்னார், அப்ப இத்தனை வழி எப்படி? நான் எதுல போறது?

பேர் வேண்டாம் அக்கா.

அன்புள்ள தங்கச்சி,

உங்க கடிதத்தை வெள்ளிக்கிழமை ராத்திரி கரண்ட் போனப்புறம் போன்ல படிச்சேன், படிச்சுட்டு ரொம்ப நேரம் தூக்கமே வரல. ஏன்னா உங்களை பீரோவுக்குள்ள வைக்கச் சொன்ன அதே சாமானை நான் என் அம்மா கையிலேருந்தே பிடுங்கப் பார்த்தவ.

அப்ப எனக்கு 22 வயசு. கோயில்ல புதுசா ஒரு ஜெபக்கூட்டம் ஆரம்பிச்சிருந்தாங்க, கையைத் தூக்கி, கண்ணீர் விட்டு, பாட்டும் துதியுமா இருக்கும், முதல் நாளே நான் உருகிப்போயிட்டேன். (உங்க மாமியாருக்குத் தெரியுமோ என்னமோ, கத்தோலிக்கர்கள்லயும் இந்த மாதிரி ஆவிக்குரிய ஜெபம் இருக்கு, 1967-ல அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல ஒரு யூனிவர்சிட்டி பசங்க தியானத்துக்குப் போன இடத்துல ஆரம்பிச்சு உலகம் முழுக்கப் பரவினது.) அங்க எனக்குக் கிடைச்சது பொய்யில்ல, இன்னிக்கும் அதை நான் மறுக்க மாட்டேன். ஆனா அந்த சந்தோஷத்தோட வீட்டுக்கு வந்து, அம்மா முணுமுணுன்னு ஜெபமாலை சொல்லிட்டிருக்கறதைப் பார்த்துட்டு, "என்னம்மா கிளிப்பிள்ளை மாதிரி, மனசுலேருந்து ரெண்டு வார்த்தை சொல்லத் தெரியாதா உனக்கு"ன்னு கேட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லல. விரல் நின்ன மணியை அப்படியே பிடிச்சுகிட்டு என்னைப் பார்த்தாங்க, அப்புறம் அடுத்த மணிக்குப் போயிட்டாங்க.

பல வருஷம் கழிச்சு அம்மாவுக்கு பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சு. என் பேரைக் கூப்பிட வராது. தண்ணி வேணும்னா கையைத்தான் காட்டுவாங்க. ஒரு சாயங்காலம் நான் சும்மா பக்கத்துல உக்காந்து ஜெபமாலையைக் கையில கொடுத்து, அவங்க சொல்ற பழைய மாதிரியே "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க"ன்னு ஆரம்பிச்சேன், அம்மா கூடவே சொன்னாங்க, தடுமாறாம, முழுசா, ஆமென் வரைக்கும். அதுக்கப்புறம் திரும்பவும் பேச்சு இல்ல. பக்கவாதத்துல பேச்சு போனவங்களுக்கு மனப்பாடமான ஜெபமும் பாட்டும் மட்டும் மிஞ்சி நிக்கறது உண்டுன்னு டாக்டர் சொன்னார், சரிதான், ஆனா மிஞ்சி நிக்கறதுக்கு ஒண்ணு உள்ள இருக்கணுமே தங்கச்சி, அதை 60 வருஷமா மணி மணியா உள்ள போட்டு வச்சது யாரு? அந்த ஜெபமாலை இப்ப என்கிட்ட இருக்கு. மூணாவது தேவரகசியத்துல, அதாவது மூணாவது பத்து மணியில, ஒரு மணி உடைஞ்சுபோய் அதுக்குப் பதிலா அப்பாவோட சட்டை பட்டனை நூல்ல கட்டியிருப்பாங்க, அங்க விரல் வந்தா ஒரு நொடி தட்டி நிக்கும், அப்ப எல்லாம் நான் அன்னிக்குச் சொன்ன வார்த்தை ஞாபகம் வரும்.

சரி, உங்க கேள்விக்கு வரேன். "நானே வழி"ன்னு அவர் சொன்னது சத்தியம், அதுல நான் ஒரு எழுத்தைக்கூட குறைக்க மாட்டேன். ஆனா அவர்கிட்ட வந்தவங்க எல்லாரும் ஒரே மாதிரியா வந்தாங்க? சுவிசேஷத்தை எடுத்துப் பாருங்க. நிக்கொதேமு ராத்திரியில ஒளிஞ்சு வந்து கேள்வி கேட்டார். சகேயு மரத்துல ஏறினான். பெரும்பாடுள்ள, அதாவது ரத்தப்போக்கு நிக்காத அந்தப் பொம்பளை ஒரு வார்த்தையும் பேசாம பின்னாலேருந்து வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டா. பர்திமேயு ஊரே கேக்கற மாதிரி கத்தினான், சும்மாயிருன்னு அதட்டினப்ப இன்னும் அதிகமா கத்தினான். தோமா தொட்டுப் பார்த்தாத்தான் நம்புவேன்னு நின்னார். இவங்கள்ல யாரையாவது பார்த்து "நீ அவனை மாதிரி வரல, திரும்பிப் போ"ன்னு சொன்னாரா அவர்? கத்தினவனும் தொட்டவளும் ஒரே ஆளைத்தான் பார்த்தாங்க. உங்க மாமியார் பர்திமேயு மாதிரி கூப்பிடறாங்க, நீங்க வஸ்திரத்து ஓரத்தைத் தொடறீங்க, எனக்குத் தோணுறது இவ்வளவுதான்.

அந்நியபாஷை விஷயத்துல நீங்க இவ்வளவு கூச்சப்பட ஒண்ணுமே இல்ல. வரம் உண்டுன்னு சொன்ன அதே பவுல்தான் 1 கொரிந்தியர் 12-ஆம் அதிகாரக் கடைசியில "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?"ன்னு கேக்கறார், இல்லங்கறதுதான் அங்க பதில். அடுத்த அதிகாரம் முழுக்க அன்பு. அதுக்காக அந்தச் சபையைக் குறைவா நினைக்காதீங்க. 1906-ல லாஸ் ஏஞ்சலஸ்ல அசூசா தெருவுல வில்லியம் சீமோர்னு ஒரு கறுப்பினப் போதகர் நடத்தின கூட்டத்துல, வெள்ளைக்காரங்களும் கறுப்பினத்தவங்களும் சேர்ந்து உக்கார விடாத அந்த நாட்டுல, ஒண்ணா முழங்கால்ல நின்னாங்க. அது பெரிய விஷயம். உங்களுக்காகத் தனியா ஜெபிக்கறவங்க உங்க மேல இருக்கற பாசத்துலதான் ஜெபிக்கறாங்க, அதை அப்படியே வாங்கிக்கோங்க, வரலன்னு மட்டும் நீங்களே உங்களைக் குறைச்சுக்காதீங்க.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது ஒருத்தரைப் பத்தி. அதோனிராம் ஜட்சன் பேரு பர்மாவுல இருக்கற எந்தக் கிறிஸ்தவனுக்கும் தெரியும், 1813-ல ரங்கூன் துறைமுகத்துல வந்து எறங்கினவர், பர்மிய மொழியில முழு பைபிளையும் கொடுத்தவர். பாப்டிஸ்ட். முதல் ஆள் ஞானஸ்நானம் எடுக்கவே 6 வருஷம் காத்திருந்தவர். 1824-ல இங்கிலீஷ்காரனுக்கும் பர்மாவை ஆண்ட ஆவா ராஜாவுக்கும் சண்டை வந்தப்ப உளவாளின்னு பிடிச்சு சங்கிலி போட்டு ஏறக்குறைய 17 மாசம் வச்சிருந்தாங்க, மொழிபெயர்ப்பு காகிதத்தை அவர் மனைவி ஆன் தலையணைக்குள்ள வச்சுத் தைச்சு ஜெயிலுக்குள்ள கொடுத்த கதை ஞாயிறுபள்ளிப் பிள்ளைங்களுக்கே தெரியும். அதுக்கப்புறம் நடந்ததை யாரும் சொல்றதில்ல. 1826 அக்டோபர்ல ஆன் இறந்துட்டாங்க, ஆறு மாசத்துல கைக்குழந்தையும் போச்சு. 1828-ல அவர் மோல்மீன் பக்கத்துல காட்டோரம் ஒரு குடிசை கட்டிகிட்டு தனியா போய் உக்காந்துட்டார். தனக்குத்தானே ஒரு குழி வெட்டி அதுக்குப் பக்கத்துல உக்காந்து சாவை நினைச்சுகிட்டே இருந்தார். தேவன் எனக்கு அறியப்படாதவராவே இருக்கார், அவரை நான் விசுவாசிக்கறேன், ஆனா அவரைக் காணமுடியலன்னு கடிதத்துல எழுதினார். பைபிளைக் கொடுத்தவரே இப்படி எழுதினார் தங்கச்சி!

அந்த நாட்கள்ல அவர் யாரைப் படிச்சார் தெரியுமா? மதாம் கியோன். பிரான்ஸ் தேசத்துக் கத்தோலிக்கப் பொம்பளை, விதவை, சத்தமில்லாம உள்ளுக்குள்ள ஆண்டவர் முன்னாடி உக்காந்திருக்கற ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்தவங்க, அதுக்காகவே சந்தேகப்பட்டு பாஸ்தீல் சிறையில போட்டு வச்சவங்க. ஜெயில்ல இருந்த பாப்டிஸ்ட் மிஷனரி ஒருத்தர், நூறு வருஷத்துக்கும் மேல முந்தி ஜெயில்ல இருந்த கத்தோலிக்கப் பொம்பளையைக் கூட்டுக்குப் பிடிச்சுகிட்டு மோல்மீன் காட்டுல உக்காந்திருந்தார்ங்கறதை நினைக்கறப்ப எல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்குது. எல்லாரும் இதை மெச்சிக்கல, அந்தத் தனிமை அவரை ரொம்ப இருட்டுக்குள்ள கொண்டுபோச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அதுலயும் நியாயம் இருக்கு. ஆனா அவர் பாப்டிஸ்டாவே இருந்தார், வெளிய வந்தார், 1834-ல பைபிள் வேலையை முடிச்சார். உங்க சபையில யாராவது பிற சபை ஜெபத்தைத் தொட்டாலே தீட்டுங்கற மாதிரி பேசினா, இந்தக் கதையைச் சண்டையா இல்லாம சாதாரணமா சொல்லுங்க.

கீழ்வீட்டு அக்கா பக்கத்துல உக்காந்ததுக்குப் பயப்படறீங்க. சும்மா உக்காந்து ஜெபிக்கறதை நாம பௌத்தர்கள்கிட்டேருந்து கடன் வாங்கலம்மா. எகிப்து பாலைவனத்துல துறவிங்க 4-ஆம் நூற்றாண்டுலயே இதைத்தான் பண்ணினாங்க, சங்கீதத்துல ஒரே ஒரு வரி, தேவனே எனக்கு உதவி செய்ய சீக்கிரம் வாரும்ங்கறதை நாள் முழுக்க மெல்லச் சொல்லிகிட்டிருந்தாங்கன்னு அவங்ககூட இருந்து பார்த்த காசியன்ங்கற துறவி எழுதி வச்சிருக்கார். கிழக்கத்தி சபைக்காரங்க "இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியான என்மேல் இரக்கமாயிரும்"னு மூச்சோட சேர்த்துச் சொல்லுவாங்க, முடிச்சுப் போட்ட கயிறு வச்சிருப்பாங்க எண்றதுக்கு. இன்னொண்ணு, ஜான் மெய்ன்னு ஒரு ஆள், பிரிட்டிஷ் அரசாங்க வேலைக்கு மலாயாவுக்கு வந்த இடத்துல கோலாலம்பூர்ல சத்தியானந்த சுவாமிகிட்ட தியானம் கத்துகிட்டார், நீ கிறிஸ்தவன், உன் ஜெபத்தையே சொல்லுன்னார் சுவாமி. பிற்பாடு அவர் பெனடிக்டைன் துறவி ஆகி, காசியனைப் படிச்சப்ப அதே ஜெபம் தன் சொந்த வீட்டுலயே இருந்ததைப் பார்த்தார். ஆனா ஒண்ணு, நீங்க அங்க உக்காரும்போது யார் முன்னாடி உக்காரறீங்கன்னு உங்களுக்குத் தெளிவா இருக்கட்டும். அந்த அக்காவோட தியானத்துக்கு அவங்க தர்மத்துல வேற நோக்கம் இருக்கு, அதை நம்ம ஜெபம்னு சொல்றது அவங்களுக்கும் மரியாதை இல்ல. பக்கத்துல உக்காருங்க, உங்க ஆண்டவரோட உக்காருங்க.

எதுல போறதுன்னா, ஜெபமாலை, சபை ஜெபம், சும்மா உக்காந்து ஜெபிக்கறது, இந்த மூணுலயும் ஒரே நேரத்துல கால் வைக்காதீங்க, அதை மட்டும் கெட்டியா சொல்லுவேன். ஒண்ணை எடுத்து ஈஸ்டர் வரைக்கும் விடாம பண்ணுங்க. மனசுக்கு இதமா இருந்துச்சாங்கறதை வச்சு மட்டும் எடை போடாதீங்க, இதமா இருந்த ஜெபக்கூட்டத்துலேருந்து வந்துதான் நான் அம்மாவை அப்படிப் பேசினேன். கலாத்தியர் 5-ல இருக்கற ஆவியின் கனியை வச்சுப் பாருங்க, குறிப்பா நீடிய பொறுமை. பாத்திரம் கழுவறப்ப, புள்ளை அழறப்ப, மாமியார் ஒண்ணு சொல்றப்ப உங்க குரல் எப்படி இருக்குன்னு பாருங்க. லாரன்ஸ் சகோதரர்னு பாரிஸ்ல ஒரு கார்மேல் மடத்துச் சமையக்காரர் இருந்தார், 1691-ல இறந்தார். சமையக்கட்டு சத்தத்துக்கு நடுவுலயும் கோயில்ல முழங்கால்ல நிக்கறப்ப இருக்கற மாதிரியே ஆண்டவர் கூட இருக்கேன்னு சொன்னவர், அவர் கண்ட வழி அடுப்படிலதான் இருந்துச்சு.

ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு 10 நிமிஷம் இன்னொண்ணு பண்ணுங்க, இயேசு சபையைத் தொடங்கின புனித இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்தது, இதுக்கு எந்தச் சபையும் குறுக்கே நிக்காது. இன்னிக்கு எதுக்கு நன்றி சொல்லணும், எந்த இடத்துல ஆண்டவர் பக்கத்துல இருந்தார், எந்த இடத்துல நான் அவரை விட்டு விலகினேன், நாளைக்கு எதுக்கு உதவி வேணும், அவ்வளவுதான். கரண்ட் இல்லாத ராத்திரிக்கு இதைவிடத் தோதான ஜெபம் கிடையாது. ஒரு வாரம் கழிச்சு வீட்டுக்காரரையும் கூட உக்காரச் சொல்லிப் பாருங்க.

பீரோவுல இருக்கற ஜெபமாலையை வெளிய எடுங்க. மாமியார் முன்னாடி சொல்லணும்னு இல்ல, தலையணைக்கு அடியில வைங்க, கை படற இடத்துல இருக்கட்டும். அவங்க கேட்டா, உங்க அம்மா எப்படிக் கொடுத்தாங்க, எந்த நேரத்துல அதைப் பிடிச்சுகிட்டிருந்தாங்கன்னு அதை மட்டும் சொல்லுங்க. பிப்ரவரியில ஞாங்லபின் லூர்து மாதா திருவிழாவுக்கு நான் போறேன், வீட்டுல விட்டா நீங்களும் வாங்க, அம்மாவோட ஜெபமாலையைக் கொண்டுவரேன், அந்தப் பட்டனை உங்க கையில கொடுத்துக் காட்டறேன்.

அன்புடன்,
அக்கா