டிரம் புகையடுப்பு: வாசகர் கேள்விகளும் பட்டறைப் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை. வெளிநாட்டில் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களும், கைபேசியில் பார்த்து ஆசைப்பட்டவர்களும், 200 லிட்டர் டிரம்மைப் படுக்கவைத்து, பக்கத்தில் நெருப்பறை ஒன்றை ஒட்டி, இறைச்சியைப் புகையிலேயே மணிக்கணக்கில் வேகவைக்கும் ஸ்மோக்கர் செய்யக் கிளம்பியிருக்கிறார்கள். வெல்டிங் பழகுகிறவருக்கு இது நல்ல வேலைதான். தண்ணீர் நிற்க வேண்டியதில்லை, பெரிய பாரம் தாங்க வேண்டியதில்லை, ஒட்டு கோணலாக இருந்தாலும் கோழி குறை சொல்லாது. எனினும் கடிதங்களைப் படித்தபோது சில இடங்களில் எனக்கு நெஞ்சு பதைத்தது உண்மை.

அம்பாசமுத்திரம் வாசகர்: புதிதாகப் பழகுகிறேன். எந்த மெஷின், எந்த ராடு வாங்குவது?

ஒற்றை பேஸில் ஓடும் 200 ஆம்ப் இன்வெர்ட்டர் மெஷின் போதும். ராடு (உருகி ஒட்டும் வெல்டிங் கம்பி) 6013 வகை. நெருப்பறைத் தகட்டுக்கு 2.5 மி.மீ. ராடு, 60 முதல் 90 ஆம்ப். அடுப்பைத் தாங்கும் கால்களின் ஆங்கிளுக்கு 3.15 மி.மீ. ராடு, 100 ஆம்புக்கு மேலே கீழே. டிரம் தகட்டைத் தொடுவதாக இருந்தால் 2 மி.மீ. ராடு, 50 ஆம்புக்குள். மெஷினை வீட்டின் 5 ஆம்ப் பிளக்கில் செருகாதீர்கள். 100 ஆம்பில் ஒட்டும்போது அது மின் இணைப்பிலிருந்து 15 ஆம்புக்குக் குறையாமல் இழுக்கும். ராடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது என்று புலம்புகிறவர்களில் பலர், மெல்லிய வயரை முற்றத்திலிருந்து தொழுவம் வரை இழுத்துவிட்டு மெஷின்மேல் பழி போடுகிறவர்கள்.

பெயரும் ஊரும் எழுதாத வாசகர்: அண்ணாச்சி, வெல்டிங் ஒட்ட மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

கடிதம் முழுவதுமே இவ்வளவுதான். யாருக்குக் காய்ச்சல், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று எதுவும் சொல்லாமல் மருந்து கேட்டால் எந்த வைத்தியர் என்ன கொடுப்பார்? தகட்டின் கனம், ராடின் அளவு, வைத்த ஆம்ப் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். அதற்குமுன் எர்த் கிளாம்ப் (மெஷினின் இரண்டாவது வயரின் கவ்வி) பிடித்திருக்கும் இடத்தில் பெயின்டையும் துருவையும் சுரண்டிப் பாருங்கள். பத்தில் ஏழு முறை குற்றவாளி அங்கேதான் இருப்பான்.

வள்ளியூர் வாசகர்: பழைய இரும்புக் கடையில் மூடி திறக்காத 200 லிட்டர் டிரம் மலிவாகக் கிடைத்தது. உள்ளே காலிதான், லேசாகத் தின்னர் வாடை மட்டும் வருகிறது. கிரைண்டரால் நேரடியாகக் கதவு வெட்டலாமா?

வெட்டக் கூடாது. தம்பி, கிரைண்டரை இன்னும் எடுக்கவில்லை என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

"காலி டிரம்" என்ற சொல்லே மக்களை ஏமாற்றுகிறது. நிறைந்திருக்கும் டிரம்மைவிடக் காலி டிரம்தான் ஆபத்து, ஏனெனில் வெடிப்பது திரவமல்ல, காற்றோடு கலந்த ஆவி. பெட்ரோலை எடுத்துக்கொண்டால், காற்றில் அதன் ஆவி ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் இருந்தாலே பற்றிக்கொள்ளும். 200 லிட்டர் டிரம்மில் அந்த அளவு ஆவி உண்டாக மூன்று தேக்கரண்டி பெட்ரோல் போதும், அவ்வளவு திரவம் அடிவிளிம்பின் மடிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். கிரைண்டரின் பொறி ஒன்று உள்ளே போனால் போதும். பழைய எஞ்சின் ஆயில்தானே, தீக்குச்சி கிழித்தாலும் பற்றாதே என்று வாதாடுகிறவர்களும் உண்டு. குளிர்ந்த ஆயில் பற்றாது என்பது சரி, ஆனால் தகட்டைச் சூடாக்கினால் அந்த ஆயிலே ஆவியாகும், அந்த ஆவி பற்றும்.

எனக்கு இது படித்துத் தெரிந்த விஷயமல்ல. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் நான் கைவேலையாளாக இருந்தபோது, "கழுவியாச்சு" என்று சொல்லி ஒருவர் டிரம் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். கழுவியதை நான் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. கேஸ் கட்டர் தகட்டைத் துளைத்த கணத்தில், கன்று கத்துவது போல் அடித்தொண்டையில் ஒரு சத்தம் எழுந்தது. மேல்மூடி என் காதோரமாகப் பறந்து கூரைத் தகரத்தில் மோதி, சருவச்சட்டி கவிழ்த்தது போல் ஒரு புடைப்பை உண்டாக்கிவிட்டு என் காலடியிலேயே வந்து விழுந்தது. புருவமும் முன்நெற்றி முடியும் போனதோடு நான் தப்பினேன். அந்தப் புடைப்பு, கூரை மாற்றும்வரை என் தலைக்கு மேலேயே இருந்தது. அன்றிலிருந்து டிரம்மின் பூர்வீகம் தெரியாமல் அதன் அருகில் நான் நெருப்பைக் கொண்டுபோனதில்லை.

ஆகவே முதல் வேலை, அதில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்வது. பூச்சிமருந்து, தின்னர், பெயர் தெரியாத ரசாயனம் என்றால் அது சமையலுக்கு ஆகாது. எத்தனை முறை கழுவினாலும் ஆகாது. உங்கள் டிரம்மையும் அப்படியே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சமையல் எண்ணெய் வந்த டிரம்மோ, பையில் அடைத்த மாம்பழக் கூழ் வந்த டிரம்மோ கிடைத்தால் நல்லது. கூடுதல் விலை கொடுத்துப் புது டிரம் வாங்கினால் இன்னும் நல்லது. எண்ணெய் டிரம்மானாலும் இரண்டு அடைப்பான்களையும் கழற்றி, சோப்புத்தூள் கலந்த வெந்நீரால் மூன்று நான்கு முறை குலுக்கிக் கழுவி, நிமிர்த்தி வைத்து, மேல்மூடிக்கு ஓரங்குலம் கீழே வரை தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். அடைப்பான்கள் திறந்தே இருக்கட்டும். பிறகு, தார் டிரம்மைச் சாலை வேலைக்காரர்கள் திறப்பது போல, உளியும் சம்மட்டியும் கொண்டு மேல்மூடியை வெட்டி எடுங்கள். தண்ணீரும் கிரைண்டரும் சேர்ந்தால் ஷாக் அடிக்கும் என்பதால்தான் உளி. ஒரு பக்கம் முழுதாகத் திறந்து, தண்ணீரைக் கொட்டி, துடைத்து உலர்த்திய பிறகே கிரைண்டருக்கு வேலை.

உட்புறத்தில் பழுப்பு நிறப் பூச்சு இருந்தால், திறந்தவெளியில் விறகைக் குவித்து, பூச்சு முழுவதும் கருகி உதிரும்வரை எரித்து, கம்பிப் பிரஷ்ஷால் வெறும் இரும்பு தெரியுமளவு தேயுங்கள். அந்தப் புகை அடிக்கும் திசையில் நிற்காதீர்கள்.

ஆலங்குளம் வாசகர்: காலி கேஸ் சிலிண்டரை வெட்டி நெருப்பறை செய்யலாமா?

கூடாது. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து; உங்களுடையது அதனுள் இருக்கும் கேஸ் மட்டுமே. வெடிக்கும் அபாயத்தைப் பற்றி மேலே எழுதியது இதற்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

சேரன்மகாதேவி வாசகர்: தீப்பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

தீப்பெட்டிக்குக் கோவில்பட்டியில் கேளுங்கள். நெருப்பறையைக் கேட்கிறீர்கள் என்றால், இறைச்சி வேகும் டிரம்மின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு. 200 லிட்டர் டிரம்முக்கு 40 செ.மீ. நீளம், அகலம், உயரம் கொண்ட பெட்டி சரியாக வரும். அது 64 லிட்டர். இதற்கு டிரம் தகட்டைப் போடாதீர்கள், ஒரு மி.மீ. கனத்தில் இருப்பது சில மாதங்களில் அரித்து ஓட்டையாகிவிடும். 5 மி.மீ. தகடு போடுங்கள். ஆறு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு சதுர மீட்டர், எடை 40 கிலோ என்று வைத்துக்கொண்டு கடையில் விலை கேளுங்கள். நெருப்பறைக்கும் டிரம்முக்கும் இடையே 20-க்கு 15 செ.மீ. வழி, காற்று நுழையச் சுமார் 75 சதுர செ.மீ. அளவில் மூடித் திறக்கும் துவாரம், எதிர்முனையில் 4 அங்குலப் புகைபோக்கி ஆகியவை வேண்டும். புகைபோக்கியின் வாய் டிரம்மின் உச்சியில் அல்லாமல், இறைச்சி வைக்கும் கம்பித்தட்டின் மட்டத்திலிருந்து புகையை எடுக்குமாறு அமைந்தால் இறைச்சியைத் தழுவிக்கொண்டு புகை போகும்.

நாங்குநேரி வாசகர்: டிரம்மில் கதவு வெட்டினேன். வெட்டிய துண்டு வளைந்துகொண்டு, திரும்பப் பொருந்த மறுக்கிறது.

நான்கு பக்கத்தையும் ஒரே மூச்சில் வெட்டியிருப்பீர்கள். கீல் வரும் நீளப் பக்கத்தை மட்டும் முதலில் வெட்டி, கீல்களைப் போல்ட் போட்டு இறுக்கிய பிறகே மற்ற மூன்று பக்கங்களை வெட்ட வேண்டும். அப்போது தகடு துள்ளாது. இனி, 25-க்கு 3 மி.மீ. பிளாட்டை (பட்டை இரும்பை) டிரம்மின் வளைவுக்கு வளைத்து, கதவின் ஓரத்தில் பாதி வெளியே நீளும்படி போல்ட்டால் பிடியுங்கள், இடைவெளி மறையும். இங்கே வெல்டிங் செய்யத் துடிக்காதீர்கள். ஒரு மி.மீ. தகட்டில் நீளமாகக் கோடு இழுத்தால் அது அப்பளம் போல் நெளிந்துவிடும். ஒட்டியே தீர வேண்டுமானால் ராடு பிடிக்கும் வயரை மெஷினின் நெகடிவ் முனையில் மாட்டி, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டுச் செய்யுங்கள்.

மேலப்பாளையம் வாசகர்: புகைபோக்கிக்கு வீட்டில் கிடக்கும் ஜிஐ பைப்பைப் போடலாமா? ஒட்டும்போது பால் குடித்தால் ஒன்றும் செய்யாது என்கிறார்கள்.

ஜிஐ என்றால் துத்தநாக முலாம் பூசிய இரும்பு. பால் வயிற்றுக்குப் போகிறது, துத்தநாகப் புகை நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் எங்கே சந்திக்கும்? துத்தநாகம் 420 டிகிரியில் உருகி 907 டிகிரியில் கொதிக்கும். வெல்டிங் வில்லின் (ராடு முனையில் எரியும் மின்சுடரின்) சூடு அதற்கெல்லாம் மேலே. அந்த வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தவருக்கு அன்றைக்கு இரவே காய்ச்சலும் குளிரும் வரும், நாக்கில் உலோக ருசி தட்டும். ஓரிரு நாளில் இறங்கிவிடும் என்பதற்காக அதை வரவழைத்துக்கொள்ள வேண்டியதில்லை. முலாம் இல்லாத கருப்பு எம்எஸ் (சாதா இரும்பு) பைப் வாங்குங்கள். நெருப்பறைக்குள்ளும் கம்பித்தட்டிலும் ஜிஐ பொருள் எதுவும் வேண்டாம். பழைய பிரிட்ஜின் தட்டுகளையும் எடுத்துப் போடாதீர்கள். அவற்றில் சிலவற்றின் முலாம் காட்மியம், அது துத்தநாகத்தைவிடக் கொடியது. டிரம்முக்குச் சொன்னதுதான் பைப்புக்கும்: பூர்வீகம் பாருங்கள்.

முக்கூடல் வாசகர்: முதல் நாளே கோழி கருப்பாகி, கசந்துவிட்டது.

புகைபோக்கியைப் பாதி மூடியிருப்பீர்கள். புகை உள்ளேயே தங்கினால் நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். தங்கிய புகை தார் போலப் படிந்து கசக்கும். புகைபோக்கி எப்போதும் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், நெருப்பைக் காற்றுத் துவாரத்தால் மட்டுமே அடக்க வேண்டும். வெளியேறும் புகை கெட்டியான வெள்ளையாக இருந்தால் காத்திருங்கள். மெல்லிய நீலமாக மாறிய பிறகு கோழியை வையுங்கள். கம்பித்தட்டின் அருகில் 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். கதவின் உச்சியில் பொருத்திய மீட்டரை நம்பாதீர்கள், அது கூரையின் சூட்டைத்தான் சொல்லும். கோழியின் தொடைக்குள் 74 டிகிரி வந்தால்தான் வெந்ததாகக் கணக்கு.

திசையன்விளை வாசகர்: எங்கள் பக்கம் உடைமரமும் சீமைக்கருவேலமும்தான். ஆகுமா?

நன்றாக ஆகும். அமெரிக்காவின் டெக்சாஸில் இறைச்சிக்குக் கொண்டாடுகிற மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவுதான். புகை சற்றுக் காரமாக இருக்கும் என்பதால் ஆறு மாதமாவது காய்ந்த கட்டையை, கையளவு துண்டுகளாகப் போடுங்கள். கொய்யா, மா, புளி ஆகியவையும் நல்லவை. சிரட்டைக்கரி சூட்டுக்கு ஆகும், மணத்துக்கு விறகு வேண்டும். அரளி நஞ்சு, அதன் சுள்ளி ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் கட்டை, பிளைவுட் இவற்றையும் போடாதீர்கள். விறகுக்கும் பூர்வீகம் உண்டு.

பணகுடி வாசகர்: ஆடி மாதக் காற்றில் சூடு ஒரு நிலையில் நிற்கவில்லை.

காற்றாலை நட்ட மண்ணில் நெருப்பு எப்படி நிற்கும்? காற்றுத் துவாரம் மேற்கே பார்க்காதபடி அடுப்பைத் திருப்பி, ஒரு மீட்டர் தள்ளி இரண்டு தகரங்களை மறைப்பாக நிறுத்துங்கள். அதற்காகக் கார் ஷெட்டுக்குள் கொண்டுபோய்விடாதீர்கள். கரியின் நச்சுவாயுவுக்கு மணம் கிடையாது.

களக்காடு வாசகர்: வெல்டிங் செய்த அன்று ஒன்றுமில்லை, நள்ளிரவில் கண்ணில் மணல் கொட்டியது போல் எரிச்சல். தாய்ப்பால் விடச் சொல்கிறார்கள்.

எதையும் விடாமல் கண் மருத்துவரிடம் போங்கள். வில்லின் ஒளி பட்டு ஆறு மணி நேரத்துக்கும் மேல் கழித்து வலி தொடங்குவது வழக்கம், பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறும். கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு டேக் (தகடு நகராமலிருக்க வைக்கும் சிறு புள்ளி ஒட்டு) வைத்திருப்பீர்கள். டேக் ஒரு நொடிதானே என்று எண்ணினால் ஐம்பது டேக் ஐம்பது நொடி. 10 அல்லது 11 எண் கண்ணாடி போட்ட ஹெல்மெட் வாங்குங்கள், சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை விரட்டுங்கள்.

உவரி வாசகர்: எந்தப் பெயின்ட் அடிக்க?

வெளியே, அதிக வெப்பம் தாங்கும் கருப்புப் பெயின்ட். உள்ளே எதுவும் கூடாது. நல்லெண்ணெய் தடவி இரண்டு மணி நேரம் எரித்தால் போதும். உப்புக் காற்றில் இதை மாதம் ஒருமுறை செய்ய வேண்டியிருக்கும்.

காருகுறிச்சி வாசகர்: வருகிற கோயில் கொடைக்கு நூறு பேருக்கு இதிலேயே சமைக்கலாம் என்றிருக்கிறேன். அடுப்பு இந்த வாரம்தான் முடிகிறது.

படுத்த டிரம்மின் தட்டு அரை சதுர மீட்டருக்கும் குறைவு. ஒரு கிலோக் கோழி பத்து வைக்கலாம், வேக மூன்று நான்கு மணி நேரம் ஆகும். நூறு பேருக்கு அண்டாவில் ஆட்டுக்கறிக் குழம்பை வைத்துவிட்டு, உங்கள் மச்சினன்மார் நான்கு பேருக்கு மட்டும் டிரம்மில் கோழி போடுங்கள். அந்த டிரம் எங்கே வாங்கியது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கொடைக்கு முன்னால் எழுதி அனுப்புங்கள்.