பங்கரே இல்லாத மைதானம்

கேள்வி: ஆகஸ்டில் பத்து நாள் தென் இங்கிலாந்தில் இருப்பேன். சன்னிங்டேல், வால்டன் ஹீத் மாதிரி பேர்போன கோல்ஃப் கிளப்கள் எல்லாம் என் பையைக் காலி செய்துவிடும். அதிகம் பேசப்படாத ஹீத்லேண்ட் கோல்ஃப் மைதானங்கள் ஏழெட்டு சொல்லுங்களேன்?

பதில்: ஏழெட்டு என்றால் பாதி நாள் காரிலேயே போய்விடும். மூன்று போதும்.

முதலில் கிழக்கு சஸெக்ஸில் உள்ள ராயல் ஆஷ்டவுன் ஃபாரஸ்ட், அதிலும் ஓல்ட் கோர்ஸ். 1888-இல் தொடங்கிய கிளப். ஃபாரஸ்ட் என்ற பெயரைப் பார்த்து அடர்ந்த காட்டை எதிர்பார்க்காதீர்கள். மன்னர்கள் வேட்டைக்கென்று ஒதுக்கிவைத்த நிலத்துக்கு அந்தக் காலத்தில் அப்படிப் பெயர், மற்றபடி பெரும்பாலும் திறந்த வெளியும் ஹெதர் புதரும்தான். அங்கே நினைத்தபடி நிலத்தைத் தோண்ட கிளப்புக்கு உரிமை இல்லை, வனத்தைக் காக்கும் அமைப்பின் விதிகள் உண்டு. அதனால் 18 குழியிலும் தேடினாலும் பந்தை மாட்டவைக்கும் மணல் பள்ளமான பங்கர் ஒன்றுகூடக் கிடைக்காது! அப்படியானால் சுலபம்தானே என்று கிளம்புகிறவர்களுக்கு ஆறாவது குழியே பதில் சொல்லிவிடும். சின்ன பார் 3தான், அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி, ஆனால் குழி இருக்கும் வழவழப்பான புல்தரையான கிரீனைச் சுற்றி ஓடையும் பள்ளமும், தப்பித்த பந்தைவிட மாட்டிய பந்துதான் அதிகம். ஒரே ஒரு மைதானம்தான் முடியும் என்றால் இங்கே போங்கள், மற்றதை மறந்துவிடலாம்.

அப்புறம் ஹாம்ப்ஷயரில் பிளாக்மூர். வடிவமைத்தவர் ஹாரி கோல்ட், நீங்கள் பயப்படுகிற அதே சன்னிங்டேலில் பல வருடம் செயலாளராக இருந்தவர், அங்குள்ள நியூ கோர்ஸும் அவர் கைவேலைதான். அதே கை, அதே மாதிரி மண், கட்டணம் மட்டும் வெகு குறைவு. வேறென்ன வேண்டும்?

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் லிப்ஹூக். ஆர்தர் குரூம் என்பவர் தனியாக வடிவமைத்த மைதானம், 1920-களில் வந்தது. இவர் கிரிக்கெட் ஆட்டக்காரரும்கூட. 1887-இல் மான்செஸ்டரில் பந்தைத் துரத்தி ஓடியபோது வேலிக் கம்பி கழுத்தில் குத்திவிட்டது. தையல் போடும் வரை காயத்தை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவரோடு ஆடிய புகழ்பெற்ற ஆட்டக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸ். அன்று கிரேஸின் விரல் நழுவியிருந்தால் லிப்ஹூக்கே இல்லை. பெரிய தந்திரம் எதுவும் இல்லாத, நிலம் போகிற போக்கில் போகிற மைதானம் இது. முதல் முறை ஆடும்போது சாதாரணமாகத் தெரியும், இரண்டாம் முறைதான் பிடிக்கும்.

மூன்றுமே உறுப்பினர் கிளப்கள், வெளியாட்களுக்கு வார நாட்களில்தான் இடம் எளிதாகக் கிடைக்கும். முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஹீத்லேண்ட், ஹீத்லேண்ட் என்கிறார்களே, சாதாரண மைதானத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

பதில்: மண்தான். மணல் கலந்த, அமிலத்தன்மை உள்ள, சத்தில்லாத மண். விவசாயத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிய நிலம், அதில் ஹெதரும் மஞ்சள் பூ பூக்கும் முள்புதரும்தான் செழிக்கும். ஆனால் மழை பெய்தால் தண்ணீர் உடனே உள்ளே இறங்கிவிடும், களிமண் மைதானங்கள் சேறாகிக் கிடக்கும் ஜனவரியிலும் இங்கே தரை கெட்டியாக இருக்கும், பந்து விழுந்த பிறகும் ஓடும். கடலோர லிங்க்ஸ் மைதானத்துக்கு உள்நாட்டுத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன். லண்டனுக்குத் தெற்கே ரயில் போன பிறகுதான் இந்த நிலத்தின் அருமை தெரிந்தது, சர்ரேயில் வோக்கிங் கிளப் 1893-இல் வந்து வழிகாட்டியது. இடையில் பல கிளப்கள் பைன் மரங்களைத் தன்போக்கில் வளரவிட்டு, நிழலில் ஹெதர் செத்து, இப்போது மரத்தை வெட்டி ஹெதரைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். மரம் வெட்டுவதைப் பார்த்துக் கோபப்படாதீர்கள், அங்கே அதுதான் பாதுகாப்பு.

கேள்வி: பந்து ஹெதருக்குள் போனால் என்ன செய்வது? ஒரே குழியில் ஒன்பது அடித்தவன் கேட்கிறேன்.

பதில்: ஒன்பதா? பரவாயில்லை, நான் பதினொன்று அடித்திருக்கிறேன். பார்க்க மெல்லிய செடி, ஆனால் தண்டு விறகு மாதிரி, மட்டையின் கழுத்தைச் சுற்றிப் பிடித்து மட்டையின் முகத்தை உள்பக்கம் திருப்பிவிடும், பந்து இடது பக்கம் பாயும் (இடது கைக்காரர்களுக்கு வலது). அதனால் முகம் நன்றாகச் சாய்ந்த குட்டை மட்டையான வெட்ஜை எடுத்து, பிடியை இறுக்கி, மேலிருந்து செங்குத்தாக இறக்கி, கிட்டே உள்ள ஃபேர்வேக்கு, அதாவது புல் வெட்டிய பாதைக்கு அடித்துவிடுங்கள், பின்பக்கமாக இருந்தாலும் சரி. நீளமான மட்டையை எடுத்துக் கிரீனைப் பிடிக்கலாம் என்று மனம் சொல்லும். என் பதினொன்று அப்படி வந்ததுதான்.

கேள்வி: லீட்ஸ் பக்கம் இருக்கிறேன். வடக்கே எதுவும் இல்லையா?

பதில்: இல்லாமலா? உங்கள் ஊரிலேயே ஆல்வுட்லி இருக்கிறது, பிறகு அமெரிக்காவில் அகஸ்டா நேஷனலை வடிவமைத்த அலிஸ்டர் மெக்கென்சி முதலில் கைவைத்த மைதானம், 1907. தெற்கே காரில் போகத் தயார் என்றால் ஸ்டாஃபர்ட்ஷயரில் போ டெஸர்ட், ஹெர்பர்ட் ஃபவ்லர் வடிவமைத்தது. கிரீன்களின் சரிவைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டி எழுதுங்கள்.