குவேசார்களை வைத்து ஹாலோவின் நிறையைச் சொல்ல முடியுமா?

முதுகலை ப்ராஜெக்டுக்கு ஸ்லோன் வான் சர்வேயின் குவேசார் (நடுவில் உள்ள கருந்துளை பொருளை விழுங்குவதால் பிரகாசிக்கும் தொலைதூரக் கேலக்ஸி மையம்) தரவை எடுத்திருக்கும் ஒருவர் கேட்கிறார்: "ஒட்டுறவுச் சார்பு (எந்த இடைவெளியில் எத்தனை ஜோடிகள் கூடுதலாக இருக்கின்றன என்ற அளவு) கணக்கிட்டால் கிட்டத்து ஜோடிகள் கிடைக்கவே மாட்டேன் என்கின்றன. இதை வைத்து கரும்பொருள் ஹாலோவின் (கேலக்ஸியைச் சூழ்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத பொருளின் திரள்) நிறையைச் சொல்லலாமா? கனமான ஹாலோதான் கருந்துளையைத் தூண்டிவிடுகிறதா?"

நிறையைத் தாராளமாகச் சொல்லலாம், ஆனால் கிட்டத்து ஜோடிகளை நம்பி வேண்டாம். கனமான ஹாலோக்கள் அடர்த்தி மேடுகளில் பிறக்கின்றன, அதனால் கரும்பொருளைவிட நெருக்கமாகக் கூடி நிற்கின்றன. அந்தக் கூடுதல் நெருக்கத்தின் அளவுதான் பயஸ், அது சில மெகாபார்செக்குக்கு (ஒன்று சுமார் 33 லட்சம் ஒளியாண்டு) அப்பால்தான் சுத்தமாகத் தெரியும். அதை அளந்து, அதே செம்பெயர்ச்சியில் (தொலைவைக் காட்டும், ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு) எந்த நிறையுள்ள ஹாலோவுக்கு அந்த பயஸ் வருகிறது என்று சிமுலேஷனோடு ஒப்பிடுங்கள். ஒளிர்வான குவேசார்களுக்குச் சூரியனைப்போல் சில லட்சம் கோடி மடங்கு வரும், செம்பெயர்ச்சி 0.5-லிருந்து 2.5 வரை போனாலும் இது பெரிதாக மாறுவதில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

கிட்டத்து ஜோடிகள் காணாமல் போனதற்கு இயற்கையைக் குறை சொல்லாதீர்கள். ஸ்லோனின் ஒரு பகுதியான பாஸ் (BOSS) சர்வேயில் ஒரே தட்டில் இரண்டு ஒளியிழைகளை 62 ஆர்க்செகண்டுக்குள் (ஒரு ஆர்க்செகண்டு என்பது டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) பொருத்த முடியவில்லை, அதனால் அருகருகே இருக்கும் இரண்டில் ஒன்றுக்கு நிறமாலையே பல சமயம் எடுத்திருக்க மாட்டார்கள். அந்தக் கோணத்துக்கு உள்ளே வரும் எண்ணை அப்படியே ஃபிட் பண்ணினால் விடை தவறாகத்தான் வரும். செம்பெயர்ச்சி குறைவான மாதிரி என்றால், குவேசாரைக் குவேசாரோடு பார்ப்பதை விட்டு, சாதாரண கேலக்ஸிகளோடு குறுக்கு ஒட்டுறவு பாருங்கள். கேலக்ஸிகள் ஏராளம், இரைச்சல் வெகுவாகக் குறையும். அப்புறம், சமவாய்ப்புப் பட்டியலின் (ஒப்பிடுவதற்காகக் கண்டபடி தூவிய புள்ளிகள்) செம்பெயர்ச்சிப் பரவலும் வான எல்லையும் உங்கள் தரவைப் போலவே இருக்கட்டும்.

தூண்டுதல் கேள்வியில்தான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். செயல்படும் கேலக்ஸிகள் (நடுக் கருந்துளை பொருளை விழுங்கிக்கொண்டிருப்பவை) அதிகம் கூடியிருப்பதாகத் தெரிந்ததுமே காரணத்தை ஹாலோவின் தலையில் கட்டிவிடுகிறார்கள். விண்மீன் நிறை கூடிய கேலக்ஸிகள் எப்படியும் கனமான ஹாலோக்களில்தான் இருக்கும், செயல்பாட்டையும் அவற்றில்தான் எளிதில் கண்டுபிடிக்கிறோம். அதனால் அதே விண்மீன் நிறை, அதே விண்மீன் பிறப்பு வேகம், அதே செம்பெயர்ச்சி உள்ள அமைதியான கேலக்ஸிகளைப் பொறுக்கி எடுத்து ஒப்பிடுங்கள். எக்ஸ்-கதிரில் கண்டெடுத்தவற்றுக்கு வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். ரேடியோவில் பிரகாசிப்பவை மட்டும் அப்போதும் கூடுதல் கனமான ஹாலோக்களில் இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, ஹாலோவின் பங்கைத் தேடுவதென்றால் அங்கே தேடுங்கள்.