வளைவுச் சாலைக்கு ட்ராக் டயர் தேவையா?

வணக்கம் நண்பரே. தினமும் நெடுஞ்சாலையில் ஓடி, வார இறுதியில் மலைப்பாதை ஏறும் உங்கள் 650 சிசி பைக், வளைவில் முதலில் சாய மறுத்து அப்புறம் சட்டென்று சரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பின் டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்தால் அப்படித்தான் ஆகும். டயரை மாற்றுங்கள், ஆனால் நீங்கள் கேட்ட ட்ராக் டயர், அதாவது பந்தயத் தடத்துக்கான டயர், வேண்டாம்.

அந்த ரப்பர் நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். பொதுச் சாலையில், அதுவும் குளிர்ந்த காலையில், அவ்வளவு சூடு வராது. ஈரச் சாலையில் இன்னும் ஆபத்து. உங்களுக்குச் சரியானது ஸ்போர்ட் டூரிங் வகை: மிஷெலின் ரோடு 6, பைரெல்லி ஏஞ்சல் ஜிடி 2 போன்றவை. பின் டயரின் நடுவில் தேய்மானம் தாங்கும் ரப்பர், ஓரங்களில் பிடிமானம் கூடிய ரப்பர். நெடுஞ்சாலையும் வளைவும் கலந்த உங்கள் ஓட்டத்துக்கு இதுதான் பொருந்தும்.

பார்க்க நன்றாக இருக்கிறதே என்று அகலமான அளவுக்குப் போகாதீர்கள். ரிம்மில் நெருக்கப்பட்டு டயரின் வளைவு வடிவம் மாறும், சாய்வதும் மந்தமாகும். முன்பின் இரண்டையும் ஒரே மாடலில் சேர்த்தே மாற்றுவது நல்லது. வாங்கும்போது டயரின் பக்கச் சுவரில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். 1224 என்றால் 2024இன் 12ஆவது வாரம்.

காற்றழுத்தம் வண்டிக் கையேட்டில் உள்ளபடி, டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். புது டயரில் முதல் 150 கிலோமீட்டராவது நிதானமாக ஓட்டி, சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.